ஓய்வு பெற்றவர்கள் சென்னையை விட்டு மாவட்ட நகரங்களுக்குப் போக அரசு ஊக்கம் தர வேண்டுமா?

பரங்கிமலைப் பெரியவர் எழுதியது:

வேலையில் இருந்தவரை சென்னையை விட்டால் கதியில்லை. சரி. ஓய்வு பெற்ற பிறகும் எதற்கு இங்கேயே கிடக்க வேண்டும்?

நான் மத்திய அரசுப் பணியில் இருந்தவன். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டில் நானும் மனைவியும்தான். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே கதை. மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீடுகளில், மெட்ரோ ஏற வேண்டிய அவசியமே இல்லாத கிழவர்கள் இருக்கிறோம். கிண்டிக்கு வேலைக்கு வரும் பையன் கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் மின்சார ரயிலில் நசுங்கி வருகிறான். 2015 வெள்ளம், 2019 தண்ணீர்ப் பஞ்சம், 2023 மிக்ஜாம் புயல் மூன்றையும் இதே தரைத்தள வீட்டில் இருந்து பார்த்தாயிற்று. இன்னும் எதைப் பார்க்க?

மாவட்ட நகரங்களில் இதற்கு நேர்மாறு. இளைஞர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். தெருவுக்கு நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. என் பென்ஷன் வேளச்சேரி மாலில் செலவாவதற்குப் பதில் அங்கே செலவானால், ஒரு மளிகைக் கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் மருந்துக் கடைக்கும் மாதாமாதம் தவறாத வருமானம். தொழிற்சாலை கொண்டுவருகிறவனுக்கு நிலம், மின்சாரம் எல்லாம் சலுகையில் தருகிறார்கள். புகையும் விடாமல் சத்தமும் போடாமல் மாதச் சம்பளத்தோடு வந்து இறங்குகிற எங்களுக்கு ஏன் ஒன்றும் கிடையாது?

மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பில் 2021-ல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். 2031-ல் அது 18.2 ஆகும் என்கிறார்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இத்தனை பேரையும் ஒரே ஊரில் வைத்து மேய்க்க முடியுமா? பதிவுக் கட்டணத் தள்ளுபடி, குடிபெயர்வோருக்கு ஒரு தொகை, ஏதாவது ஒன்று அரசு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. போய்ப் பார்த்தவர்கள், போய்விட்டுத் திரும்பியவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

---

தாமிரபரணி_தண்ணி எழுதியது:

அண்ணாச்சி, நான் போய்ப் பார்த்தவன் மட்டுமல்ல, வந்து உட்கார்ந்தவன். தாம்பரம் பக்கம் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றதும் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடை. அங்கே இருந்து மார்க்கெட். வாழைத்தாரில் இருந்து ஒரு சீப்பை வெட்டித் தருகிறவர் 'சார் சுகர் எப்படி இருக்கு, நாட்டுப்பழமா தரவா' என்று கேட்கிற ஊர். நூலகம், வங்கி, தபால் ஆபீஸ், ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் ஆட்டோவில் கால் மணி. 2023 செப்டம்பரில் வந்தே பாரத் விட்ட பிறகு காலை 6 மணிக்கு ஏறினால் மதியம் 2 மணிக்கு எழும்பூர். பேரனைப் பார்க்க இனி ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் பஸ்ஸில் வர வேண்டாம்.

ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து ஓடி வருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். மிக்ஜாம் போன இரண்டாவது வாரம், 2023 டிசம்பர் 17, 18-ல், இங்கே வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் தண்ணீர் நடுவே மாட்டிக்கொண்டார்கள். நெல்லை சந்திப்பு பஸ் ஸ்டாண்டில் படகு போனது. சென்னையிலாவது வெள்ளம் வந்தால் டிவிக்காரன் அரை மணியில் வருவான்.

இன்னொன்று. வந்த புதிதில் பேச ஆள் கிடையாது. எனக்கு இது சொந்த மாவட்டம், ஆனாலும் கூடப் படித்தவன் எல்லாம் பம்பாயிலும் துபாயிலும் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் ஒரு நாள் முக்கோணவியலில் சந்தேகம் கேட்டு வந்தான். அடுத்த வாரம் நாலு பேர். இப்போது சாயங்காலம் திண்ணை கொள்ளவில்லை. அதற்கப்புறம்தான் நான் இந்தத் தெருக்காரன் ஆனேன். வாத்தியாருக்கு இது வாய்த்தது. எல்லோருக்கும் வாய்க்குமா என்று தெரியவில்லை.

---

நர்ஸம்மா எழுதியது:

வாழைப்பழம், நடை, வந்தே பாரத் எல்லாம் சரி. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தருமபுரி மாவட்டம். கசப்பாக ஒன்று சொல்கிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பார்ப்பது காற்று, கோயில், வாடகை. பார்க்க வேண்டியது ராத்திரி 11 மணிக்கு அந்த ஊர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசல். வீடு பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் தங்கி அதைச் செய்யுங்கள். ஸ்கேன் அறையில் விளக்கு எரிகிறதா? டெக்னீஷியன் இருக்கிறாரா, கூப்பிட்டால் வருவாரா? வருகிற கேஸை உள்ளே எடுக்கிறார்களா, சீட்டு எழுதி 'பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க' என்று அதே 108-ல் ஏற்றி அனுப்புகிறார்களா? அரை மணி நேரம் நின்றால் போதும், அந்த ஊரில் முதுமையைக் கழிக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்குள் சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்து, அப்புறம்தான் ஊசி. வீட்டில் 'வாயுவாக இருக்கும், கொஞ்சம் படுங்கள்' என்று ஒரு மணி நேரம் போய்விடும், அதையும் கணக்கில் எடுங்கள். இது என் சர்வீஸ் முழுக்கப் பார்த்தது.

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். விருதுநகர், நாமக்கல், திண்டுக்கல், ராமநாதபுரம், அரியலூர், நாகப்பட்டினம் எல்லாம் அதில் வந்தவை. பத்து வருடம் முன்னால் இந்த இழை தொடங்கியிருந்தால் 'போகாதீர்கள்' என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறமும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாமல் நின்றவை காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், பெரம்பலூர், மயிலாடுதுறை, தென்காசி. கடைசி இரண்டைக் கவனியுங்கள். 'காவிரிக் கரையில் இருப்போம்', 'குற்றாலச் சாரலில் இருப்போம்' என்று பென்ஷன்காரர்கள் ஆசைப்படும் ஊர்கள் அவைதான். தென்காசியில் இருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

பி.பி., சுகர் மாத்திரைக்குக் கவலை இல்லை. 2021 ஆகஸ்டில் எங்கள் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது. பிசியோதெரபியும் உண்டு. அதை நான் மனதாரச் சொல்வேன். கஷ்டம் எங்கே என்றால், இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்தால் பார்த்துக்கொள்ள ஆள். அந்த வேலை செய்யத் தெரிந்த எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் உங்களைப் போன்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

---

சைதாமாவிலிருந்து எழுதியது:

வணக்கம் பெரியவரே. நான் ஜப்பானில், டோக்கியோவுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்கும் இதே கேள்வியை இந்த நாடு பத்து வருடம் முன்பே கேட்டது. என்ன ஆனது என்று சொல்கிறேன்.

2014-ல் ஹிரோயா மசூதா தலைமையிலான குழு ஓர் அறிக்கை விட்டது. இளம்பெண்கள் ஊரைவிட்டுப் போகும் வேகத்தைப் பார்த்தால் 896 ஊராட்சி, நகராட்சிகள் நாளடைவில் இல்லாமலே போகலாம் என்று. நாடே கலங்கியது. அடுத்த வருடம் ஜூனில் அதே குழு இன்னொன்று சொன்னது: டோக்கியோ வட்டாரத்தில் 75 வயதைத் தாண்டியவர்கள் பத்து வருடத்தில் 17.5 லட்சம் பேர் கூடுவார்கள், 2025 வாக்கில் பராமரிப்பு இல்லங்களில் 1,30,000 இடம் போதாமல் போகும். ஆகவே முதியவர்களை வெளியூர்களுக்குப் போகச் சொல்லி ஊக்குவியுங்கள் என்று, மருத்துவமும் பராமரிப்பும் மிச்சம் இருக்கிற 41 பகுதிகளின் பட்டியலையும் கொடுத்தார்கள். வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன பெப்பு, வடக்கே ஹாகொதாதே, கித்தாக்யூஷூ எல்லாம் அதில் உண்டு.

விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. வயதான தாயை முதுகில் சுமந்து கொண்டுபோய் மலையில் விட்டுவிட்டு வரும் பழங்கதை ஒன்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 'இது நவீன மலைக்கதை' என்றார்கள். பட்டியலில் இருந்த ஊர்களிலும் முணுமுணுப்பு: உழைத்த காலத்து வரியை டோக்கியோ வாங்கிக்கொண்டது, படுக்கையில் விழுந்த பிறகு செலவை நாங்கள் ஏற்பதா? இது நியாயமான கேள்வி. இங்கே 2000-ல் வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டை நடத்துவது அந்தந்த ஊராட்சி. முதியவர் கூடினால் அவர்கள் பிரீமியம் ஏறும். அதற்காக ஒரு விதிவிலக்கு உண்டு: வேறு ஊரில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்குப் போனால், செலவைப் பழைய ஊரே ஏற்கும். சொந்தமாக வீடு எடுத்துப் போகிறவருக்கு அது பொருந்தாது.

நடைமுறையில் எனக்குப் பிடித்தது இரண்டு. டோக்கியோவின் சுகினாமி வட்டம் 2018-ல் தெற்கே கடலோர மினாமி-இசு ஊரோடு சேர்ந்து ஒரு முதியோர் இல்லம் திறந்தது. அந்த ஊரில் சுகினாமியின் நோஞ்சான் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்று பல காலம் இருந்தது. பழகிய ஊர் என்பதால் போக மனம் வந்தது. இன்னொன்று கனஸாவாவில், பழைய அரசு மருத்துவமனை இருந்த நிலத்தில் 2014-ல் எழுந்த 'ஷேர் கனஸாவா'. முதியவர்கள், மாற்றுத்திறன் குழந்தைகள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் ஒரே தெருவில். மாணவர்களுக்கு வாடகை மலிவு, பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் அங்கே வேலை செய்ய வேண்டும். வெளியாட்களும் வந்து குளிக்கும் வெந்நீர்க் குளியலிடம் உள்ளே இருக்கிறது. அல்பாக்கா வேறு வளர்க்கிறார்கள், எதற்கு என்று கேட்காதீர்கள், குழந்தைகள் வருகிறார்கள், குழந்தைகளைப் பார்க்கப் பெரியவர்கள் வருகிறார்கள்.

அரசும் இதை முன்மாதிரியாகப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் திட்டம் போட்டது. 2020 வாக்கில் 'முதியவர்களுக்கான ஊர்' என்ற பேச்சை விட்டுவிட்டு 'எல்லா வயதினருக்குமான ஊர்' என்று மாற்றிக்கொண்டார்கள். கிழவர்களை மட்டும் கூப்பிட்டால் கிழவர்களே வரமாட்டார்கள் என்று புரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

---

அடுப்படி எழுதியது:

இழையில் இதுவரை எழுதியவர்கள் யாரும் கேட்காததைக் கேட்கிறேன். பெரியவரே, உங்கள் வீட்டில் அவர்களைக் கேட்டீர்களா?

ஓய்வு பெற்றவர் ஊர் திரும்புவது என்றால் எப்போதும் அவருடைய ஊருக்குத்தான் திரும்புவோம். 'உன் ஊருக்குப் போகலாமா' என்று கேட்ட ஆம்பிளையை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டிலும் கும்பகோணம் என்று பேச்சு வந்தது. தெரு முழுக்க அவர் சொந்தம். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, காரியம் என்று வாரத்துக்கு ஒன்று. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டே நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். இங்கே பெரம்பூரில் சாயங்காலம் பூங்காவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்காருகிறோம். ஒருத்தி ரயில்வேயில் இருந்தவள், ஒருத்தி பூக்கடை, ஒருத்தி டாக்டர் வீட்டம்மா. இதை அங்கே எந்தக் கடையில் வாங்குவது?

இன்னொரு கணக்கும் உண்டு, அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவருக்கு எனக்கு மேல் ஆறு வயது. அவர் முந்திக்கொண்டால், அவர் சொந்தக்காரர்கள் தெருவில் நான் தனியாக. நான் என்ன உடுத்தினேன், எத்தனை மணிக்கு வந்தேன் என்று எல்லாம் கணக்கு. சென்னையில் யாருக்கும் அதற்கு நேரமில்லை, அதுவே பெரிய சுகம்.

பஸ் விஷயத்தில் மட்டும் ஊருக்கு ஊர் குறையில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு எல்லா ஊரிலும் இலவசம். ஆண்களுக்குத்தான் நஷ்டம். 60 தாண்டியவர்களுக்கு மாதம் 10 டோக்கன் கொடுப்பது சென்னையில் மட்டும்.

---

நீலவானம் எழுதியது:

அடுப்படி அக்கா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதத் துணிந்தேன்.

நான் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். எங்கள் வீடு அந்த ஊரில் இல்லை, காலனியில் இருக்கிறது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு ஓடை. முப்பது வருடம் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவனை, அங்கே டீக்கடையில் என் அப்பன் பெயரைச் சொல்லி 'அவன் மவனா நீ' என்று கேட்கிறார்கள். கேட்கிறவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் குகை என்று 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை இந்தக் காற்றுத் தண்ணீர்ப் பேச்சு நடக்கிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

கோயில் நகரங்களில் வாடகை வீடு கேட்டுப் பாருங்கள். வாடகை எவ்வளவு என்பதற்கு முன் 'நீங்க என்ன ஆளுங்க' என்று வரும், அல்லது 'சைவம்தானே' என்று சுற்றி வரும். சென்னையும் உத்தமம் இல்லை, மயிலாப்பூரில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒருவர் மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் தருவார். அரசு ஊக்கம் தரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகளில் முதியவர்களுக்கென்று வாடகை வீடுகளை ஒதுக்கி, அரசே நேரடியாகக் கொடுக்கட்டும். அந்தக் கதவை நான் தட்டுவேன்.

---

பத்திரம்_பதிவு எழுதியது:

கோயம்புத்தூரில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். சென்னைவாசிகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் எங்கள் ஊரின் 'ஓய்வுக்கால இல்லங்கள்' தேடி வருவது பல வருடமாக நடக்கிறது. சாப்பாடு, சுத்தம், நர்ஸ், கோயில், எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். பலர் நிம்மதியாகவும் இருக்கிறார்கள். ஆனால் என் மேசைக்கு வருவது சண்டை வந்த பிறகுதான், அதனால் என் பார்வை கொஞ்சம் கோணல்.

கையெழுத்துப் போடும் முன் முதலில் கேட்க வேண்டியது, கிரயமா குத்தகையா? கிரயம் என்றால் பிரிக்கப்படாத நிலப்பங்கு எத்தனை சதுர அடி, ரெரா எனும் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் எங்கே? குத்தகை என்றால் முன்பணம் எந்த நாளில், எவ்வளவு பிடித்துக்கொண்டு திரும்பும்? அப்புறம், வீட்டுக்காரர் காலமானால் மனைவி தொடரலாமா, மகன் வந்து தங்கலாமா? விற்க நினைத்தால் இன்ன வயதுக்கு மேற்பட்டவருக்குத்தான், அதுவும் நிறுவனத்தின் வழியாகத்தான் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படியென்றால் வாங்கும்போது ஒரு விலை, விற்கும்போது அவர்கள் சொன்ன விலை. என்னிடம் வந்த ஒரு குடும்பம், பெரியவர் போன பிறகு பூட்டிய வீட்டுக்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டணம் மாதம் 7,500-ஐத் தாண்டினால் பெரும்பாலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு சேரும். 2019-ல் மத்திய அரசு ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல ஆவணம்தான். ஆனால் வழிகாட்டுதல் என்பது வழிகாட்டுதல், சட்டம் அல்ல.

பெரியவர் கேட்ட பதிவுக் கட்டணத் தள்ளுபடிக்கு வருகிறேன். இன்று கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இதில் தள்ளுபடி கொடுத்தால் அவசரப்பட்டு வீடு வாங்குவார்கள். அறுபது வயதில் தெரியாத ஊரில் வீடு வாங்க வைப்பது ஊக்கமா? என் பிழைப்புக்கு அது நல்லது, உங்களுக்கு நல்லதில்லை. சென்னை வீட்டை வாடகைக்கு விடுங்கள், போகிற ஊரில் வாடகைக்கு எடுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். பிறகும் ஊர் பிடித்து, சென்னை வீட்டை விற்றால், இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரியில் விலக்கு இருக்கிறது. ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் 'எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று சொன்னால், தான செட்டில்மென்ட் பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி கோட்டாட்சியர் தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனையே எழுதாமல் கொடுத்துவிட்டு வந்தால் கேஸ் இழுக்கும்.

---

மலைக்கோட்டை_பையன் எழுதியது:

தாத்தாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் ஸ்ரீரங்கத்துக்காரன், தனியார் கம்பெனியில் சாதாரணச் சம்பளம். நீங்கள் வரவேற்கப்படுகிறீர்கள். உங்கள் பணம் வருவதற்கு முன்னால் எங்கள் தெருவில் இருந்த வாடகை இப்போது இல்லை. பழைய வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டி, வெளிநாட்டுக்காரர்களும் சென்னைக்காரர்களும் வாங்கி, வைகுண்ட ஏகாதசிக்கு வந்து திறந்து பார்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நிலம் விலை என்ன ஆயிற்று என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். சைதாமா அண்ணன் சொன்ன 'எல்லா வயதினருக்கும்' என்பதைத்தான் நானும் கேட்கிறேன். உங்களுக்குச் சலுகை கொடுத்துக் கூப்பிட்டுவிட்டு, என்னைச் சென்னைக்கு அனுப்பினால், நர்ஸம்மா சொன்ன அந்த ராத்திரி 11 மணிக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு ஓட யார் இருப்பார்கள்?

---

பரங்கிமலைப் பெரியவர் எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

அடுப்படி அம்மா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாக வாசித்தேன். 'நான் வருவேன் என்று உங்களிடம் யார் சொன்னது?' என்று மனைவி கேட்டாள். அடுத்த கேள்வி, 'போவதென்றால் உங்கள் விருத்தாசலத்துக்கு வர மாட்டேன், வேண்டுமானால் என் பாளையங்கோட்டைக்கு வாருங்கள்.' அவள் அங்கே சாராள் தக்கர் பெண்கள் கல்லூரியில் படித்தவள்.

நீலவானம் சார், நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. வாரிய வீட்டை வாடகைக்கு ஒதுக்கும் யோசனை, நான் சொன்ன பதிவுக் கட்டணத் தள்ளுபடியைவிட நூறு மடங்கு மேல். அதோடு மலைக்கோட்டைத் தம்பியின் புகாருக்கும் அதிலே ஒரு வழி இருக்கிறது. பூட்டி வைக்க முடியாதல்லவா, வாரியம் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

எனக்குள்ள நடைமுறைச் சிக்கல் சி.ஜி.எச்.எஸ்., அதாவது மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர்களுக்கான மருத்துவத் திட்டம். சென்னையில் நல மையம் பக்கத்திலேயே. மாவட்டங்களில் பெரும்பாலான இடங்களில் கிடையாது. வெளிநோயாளிச் செலவுக்கு நிலையான மருத்துவப்படி மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2017-ல் வைத்ததோடு சரி. எங்கள் இருவர் மாத்திரைக்கே அது போதாது. உள்நோயாளியாகச் சேர்ந்தால் அட்டை செல்லும், ஆனால் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி அந்த ஊரில் இருக்க வேண்டுமே. ஜப்பான் கதையில் எனக்கு உறைத்தது இதுதான். ஆள் எங்கே போனாலும் செலவு கூடவே போக வேண்டும். அரசுக்கு நிஜமாகவே எங்களை அனுப்பும் எண்ணம் இருந்தால் ரொக்கம் எல்லாம் வேண்டாம், அட்டை வேலை செய்தால் போதும்.

---

தாமிரபரணி_தண்ணி எழுதியது:

அப்படிப் போடுங்க! சாராள் தக்கர்க்காரங்க ஊர்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி.

அட்டையோடு ரயில் சலுகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் வரை 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதம், 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதம் கட்டணம் குறைவு. கொரோனாவோடு நிறுத்தினார்கள், பிறகு திருப்பித் தரவில்லை. சென்னையில் இருந்து எங்களைக் கிளப்ப நினைக்கிறவர்கள், சென்னைக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கும் வழியை மலிவாக்க வேண்டும். பேரன் பேத்தியை நினைத்த நேரம் பார்க்கலாம் என்ற தைரியம் இருந்தால் பாதிப் பேர் நாளைக்கே பெட்டி கட்டுவார்கள்.

---

நர்ஸம்மா எழுதியது:

பெரியவர் ஐயாவுக்கு: பாளையங்கோட்டை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே. கிண்டியில் 2024-ல் திறந்த முதியோர் மருத்துவமனை மாதிரி தனியாக ஒன்று அங்கே கிடையாது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழு உடல் பரிசோதனை, கண் புரை, பல் எல்லாவற்றையும் சென்னையில் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். பழைய ரிப்போர்ட்களை ஒரு ஃபைலில் போட்டு, மாத்திரைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். 108 ஆட்கள் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். முதியோர் உதவி எண் 14567, அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

---

பரங்கிமலைப் பெரியவர் எழுதியது:

ஒரே ஒரு கேள்வி மிச்சம். வாழ்நாள் சான்றிதழுக்கு நவம்பரில் சென்னைக்கு வர வேண்டியிருக்குமா? பென்ஷன் கணக்கு இங்கே பரங்கிமலைக் கிளையில் இருக்கிறது.

---

நீலவானம் எழுதியது:

இது என் துறை, சொல்கிறேன். வர வேண்டியதில்லை. பென்ஷன் தரும் வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் என்ற இணையவழி வாழ்நாள் சான்றிதழ் வசதி 2014 முதல் இருக்கிறது. இப்போது செல்பேசியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். அது சரிப்படாவிட்டால் தபால்காரரை வீட்டுக்கே வரச்சொல்லிப் பண்ணலாம், சின்னக் கட்டணம். கணக்கை மாற்றவே வேண்டாம், முகவரியை மட்டும் புதுப்பியுங்கள். கிளை மேலாளர் 'நேரில்தான் வர வேண்டும்' என்றால் எழுத்தில் கேளுங்கள், உடனே வழிக்கு வருவார். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்தான்.

---

தாமிரபரணி_தண்ணி எழுதியது:

அண்ணாச்சி, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு கீழ்வீடு காலியாக இருக்கிறது. வாசலில் ஒரே படி, கழிப்பறை வீட்டுக்குள், போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு, குடிக்க மாநகராட்சித் தண்ணீர். வாடகை 9,000 சொல்கிறார்கள், பேசினால் குறையும். 2023-ல் தண்ணீர் அந்தத் தெருவுக்குள் வரவில்லை, நான் விசாரித்துவிட்டேன். வீட்டுக்காரர் நல்ல மனுஷன், என்ன ஆளு என்று கேட்கிற ரகம் இல்லை. நீலவானம் சாருக்கும் சேர்த்தே சொல்கிறேன், மேல்வீடும் பொங்கலுக்குப் பிறகு காலியாகிறது. அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாங்க. ராத்திரி 11 மணிக்கு ஹைகிரவுண்ட் வாசலுக்கு நானே வண்டியில் கூட்டிப் போகிறேன்.